பெயரில் மட்டும் பாலா?

சோயா, பாதாம், ஓட்ஸ் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் "பால்" இன்று கடைகளில் பெருகி வருகிறது. பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது வரப்பிரசாதமே. ஆனால், தமிழ்நாட்டில் பாதாம் பால் என்றால் பசும்பாலில் பாதாமை அரைத்துக் கலந்து காய்ச்சியது. புதிதாக வருவதோ பெரும்பகுதி தண்ணீர்!

240 மில்லி பசும்பாலில் சுமார் 8 கிராம் புரதம் உண்டு. சோயாப் பாலில் ஏறக்குறைய 7. புதுப் பாதாம் பாலிலோ பெரும்பாலும் 1 கிராம்தான்.

தாவரப் பானங்களைப் "பால்" என்று விற்கலாகாது என 2017-ல் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேங்காய்ப் பால் போன்ற சிலவற்றுக்கே அங்கு விலக்கு.

பெயரைத் தடுத்தால் மட்டும் போதாது. புரத அளவைப் பெட்டியின் முன்புறத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பிள்ளைக்குப் பால் என்று நம்பி வாங்கும் தாய் ஏமாறலாமா?