படிப்பவரெல்லாம் பக்தரல்லர்

அடிமை வணிகத்தை ஆராய்கிறவரைப் பார்த்து, "நீங்கள் அடிமை வணிகத்தின் ஆதரவாளரா?" என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அமெரிக்கப் பழமைவாதத்தை ஆராயப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே அந்த மாதிரியானதுதான். அரசின் கை சுருங்கச் சுருங்க மனிதனுக்கு நல்லது என்னும் லிபர்டேரியன் சிந்தனையை ஆராய்கிறவருக்கும் இதே கதி. நாவலாசிரியர் அயன் ராண்டையும் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மனையும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் படித்தால் அவர் அந்தக் கூடாரத்து ஆள்தான் என்று படித்தவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இது சோம்பேறிகளின் நம்பிக்கை. கேடும் செய்திருக்கிறது.

என்ன கேடு என்று வரலாற்றாசிரியர் ஆலன் பிரிங்க்லி 1994லேயே சொன்னார். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றெழுத்தில் பழமைவாதம் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று, தன் துறையின் முதன்மையான ஆய்விதழிலேயே எழுதினார். பழமைவாதியான ரீகன் இரண்டு முறை ஜனாதிபதியாகி, பதவி முடிந்து வீட்டுக்கும் போய்விட்டிருந்த காலம் அது. நாட்டையே புரட்டிப்போட்ட ஓர் இயக்கம் எங்கிருந்து முளைத்தது என்பதை விளக்கப் பல்கலைக்கழகங்களிடம் போதிய நூல்கள் இல்லை. ரிச்சர்டு ஹோஃப்ஸ்டாட்டர் போன்ற பெரிய அறிஞர்களே 1960களில் அதைச் சிந்தனையாக மதித்து வாதிடவில்லை, ஒரு பதற்ற மனப்போக்காகத்தான் பார்த்தார்கள். 1976இல் ஜார்ஜ் நாஷ் எழுதிய நூல்தான் போருக்குப் பிந்தைய பழமைவாதச் சிந்தனையாளர்களை முழுமையாக வரிசைப்படுத்திக் காட்டியது. நாஷ் பழமைவாதிதான், அதை அவர் மறைத்ததில்லை. ஆனாலும் அந்தச் சிந்தனைக்கு நேர் எதிரானவர்களும் இன்றுவரை அவர் நூலைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்தத் துறையில் உழைப்பவர்களுக்கு எடுத்துக்காட்டாக ஜெனிஃபர் பர்ன்ஸை எடுத்துக்கொள்வோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். 2009இல் ராண்டைப் பற்றியும் 2023இல் ஃபிரீட்மனைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதியவர். ஸ்டான்ஃபோர்டிலேயே உள்ள, வலது சாய்வுக்குப் பெயர்போன ஹூவர் நிறுவனத்திலும் ஆய்வாளர். "பார்த்தீர்களா!" என்று கைதட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுக்கட்டும். ஃபிரீட்மனின் காகிதங்களும் பொருளாதார அறிஞர் ஹாயக்கின் காகிதங்களும் அந்த ஹூவர் காப்பகத்தில்தான் இருக்கின்றன. இந்த வரலாற்றை எழுத நினைக்கும் எவரும், எந்தக் கட்சிக்காரரானாலும், அந்தப் படி ஏறித்தான் ஆக வேண்டும்.

படியேறியவர் என்ன செய்தார் என்பதல்லவா கேள்வி? ராண்டின் ஆவணங்கள் கலிபோர்னியாவில், அவர் பெயரால் இயங்கும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அது பக்தர்களின் நிறுவனம். அங்கே போய் பர்ன்ஸ், ராண்டின் கையெழுத்துக் குறிப்பேடுகளை 1997இல் அச்சில் வந்த பதிப்போடு ஒப்பிட்டார். ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும், எந்த அறிவிப்பும் இல்லாமல், சொற்கள் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டார். ராண்டின் தயக்கமும் தடுமாற்றமும் வழித்தெடுக்கப்பட்டு, பிறந்தபோதே தெளிவோடு பிறந்தவர் போன்ற ஒரு ராண்ட் அச்சில் நின்றார். அந்தப் பதிப்பை ஆய்வாளர்கள் மிகுந்த எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும் என்று பர்ன்ஸ் தன் நூலிலேயே அச்சிட்டுச் சொன்னார். கூடாரத்து ஆள் செய்கிற வேலையா இது? ராண்டை வெறுத்து, அவர் பக்கமே எட்டிப் பார்க்காத எந்த விமர்சகராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கூடாரம்? 1946இல் ஃபிரீட்மனும் சக பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லரும் வாடகைக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு சிறு பிரசுரம் எழுதினார்கள். அதைப் படித்த ராண்ட் கொதித்துப்போய், இதுவே கூட்டுடைமைவாதப் பிரச்சாரம் என்று தூற்றினார். 1957இல் ராண்டின் பெரிய நாவல் வெளிவந்தபோது அதைக் கிழித்துத் தொங்கவிட்டது பழமைவாதிகளின் சொந்த இதழான நேஷனல் ரிவ்யூ. லிபர்டேரியன்கள் தம்மை ராண்டின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டார்கள். ராண்டுக்கோ அவர்களைக் கண்டாலே ஆகாது. ரீகனையும் அவர் ஏற்கவில்லை. ஒருவரையொருவர் இப்படி விரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆராய்ச்சியாளர் ஒரே நேரத்தில் பக்தராக இருப்பது எப்படி என்று குற்றம்சாட்டுகிறவர்கள்தான் விளக்க வேண்டும்.

ஃபிரீட்மன் நூலிலும் இதே கதைதான். 1955இல் டெல்லிக்கு வந்து நம் ஐந்தாண்டுத் திட்டத்தைக் குறைசொல்லிவிட்டுப் போனவராக நாம் அறிந்த அந்த மனிதரின் புகழில் பெண் பொருளாதார அறிஞர்களின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை பர்ன்ஸ் விரித்து எழுதுகிறார். அமெரிக்கப் பண வரலாறு பற்றி 1963இல் வந்த புகழ்பெற்ற நூலின் இணையாசிரியர் அன்னா ஷ்வார்ட்ஸ். அந்த நூல் வந்த பிறகுதான், 1964இல், கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டமே கொடுத்தது! புகழுரை எழுத உட்கார்ந்தவருக்கு இந்தப் பக்கங்கள் தேவைப்பட்டிருக்காது.

இத்தகைய ஆய்வாளர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள், "புற்றுநோயை ஆராய்கிறவர் புற்றுநோயை ஆதரிக்கிறாரா?" என்று கேட்பதுண்டு. இந்த வக்காலத்தும் எனக்கு உவப்பில்லை. ஆராயும் முன்பே நோய் என்று முடிவு கட்டிவிட்டால் பிறகு ஆராய்ச்சி எதற்கு? பழமைவாதத்தில் ஏற்கத்தக்கது உண்டா, கொடியது எது என்பதெல்லாம் ஆவணங்களைப் படித்த பிறகு பேச வேண்டியவை. ஆய்வாளருக்கு அரசியல் சார்பே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. நாஷுக்கு உண்டு. எதிர்ப்புறத்தில், 2017இல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் புக்கானனைக் கடுமையாகச் சாடி நூல் எழுதிய நான்சி மக்லீனுக்கும் உண்டு. அந்த நூல் வந்ததும், மேற்கோள்களை வெட்டிப் பொருளைத் திருப்பிவிட்டார் என்று பலர் ஆவணங்களைக் காட்டிக் குற்றம்சாட்டினார்கள், அவர் மறுத்தார். காரசாரமான சண்டைதான். ஆனால் சண்டை நடந்தது பக்க எண்களின் மேல். அதனால் எவரும் உள்ளே புகுந்து சரிபார்க்க முடிந்தது.

ஆகவே "இவர் அவர்களுடைய ஆள்" என்று சொல்ல வருகிறவர்களிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்போம்: நூலின் எந்தப் பக்கத்தில், எந்த அடிக்குறிப்பில் அந்தச் சார்பு உண்மையைத் திரித்திருக்கிறது? காட்டினால் கேட்டுக்கொள்ளலாம். காட்ட முடியாதவர்கள் முதலில் நூலைப் படித்துவிட்டு வரட்டும்.