ஒரு குழம்பு, ஒரு பொரியல் போதும்

ராத்திரி சாப்பாட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டால் பத்து வகை செய்ய வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அந்தச் சட்டத்தால்தான் வட்டக்கானலிலும் கொடைக்கானலிலும் நாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதே நின்றுவிட்டது என்கிறேன். கோபம் வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நடப்பதைப் பாருங்கள். "ஒருநாள் சாப்பிட வாங்க" என்று வழியில் பார்க்கும் எல்லோரிடமும் சொல்கிறோம். எந்த நாள் என்று மட்டும் சொல்வதில்லை. சொன்னால் செய்ய வேண்டுமே! அவர்கள் வீட்டில் சப்பாத்தி, குருமா, இரண்டு பொரியல், பாயசம் போட்டார்கள். நாம் அதற்கு மேல் ஒரு பிரியாணியாவது போட வேண்டாமா? இப்படி ஏலம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் யாருமே யாரையும் கூப்பிடாத இடத்தில் வந்து நிற்கிறோம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். துணையை இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! மூடுபனி இறங்கிய மாலையில் டிவியைப் பார்த்துக்கொண்டு தனியாக இரண்டு தோசை. இதற்கா இவ்வளவு மரியாதை பார்த்தோம்?

"ஓட்டலில் சந்தித்தால் போயிற்று" என்பார்கள் சிலர். சீசன் கூட்டம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயர்நீதிமன்றமே தலையிட்டு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வைக்க வேண்டி வந்த ஊர் இது. மேஜைக்குக் காத்திருந்து, பக்கத்துக் கூச்சலில் காது கேளாமல், அரை மணியில் பில் வந்து எழுந்திருப்பதை விருந்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "சமையல்காரரிடம் சொல்லிவிடலாமே" என்பார்கள் வேறு சிலர். அறுபதாம் கல்யாணத்துக்குச் சொல்லுங்கள். ஆறு பேருக்கு எதற்கு?

இந்த ஏலத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வீட்டில் சமீபத்தில் சாப்பிட்டேன். முழங்கால் வலியோடு மத்தியானம் முதல் அடுப்படியில் நின்றிருக்கிறார். எங்களிடம் அவர் பேசியது இரண்டே வாக்கியம்: "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க", "ஒண்ணுமே சாப்பிடலையே". நாங்கள் எழுந்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பழைய சிநேகிதிகளைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருந்தார். அந்த ஆசை நிறைவேறவே இல்லை. வீட்டு ஆண்களோ கூடத்தில் அரசியல் பேசிக்கொண்டிருந்தோம்.

இது நம் பண்பாடு என்று யாரும் வள்ளுவரைத் துணைக்கு அழைக்க வேண்டாம். விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்கள். ஒரு கறி, ஒரு கூட்டின் பெயர்கூட இல்லை. முகம் இரண்டு இடத்தில் வருகிறது. அனிச்சம் முகர்ந்தால் வாடும், விருந்தினரோ நம் முகம் கோணினாலே வாடிவிடுவார் என்கிறார். களைத்துப்போன முகத்தோடு பத்து வகை பரிமாறுவதை அவர் கேட்கவில்லை. 1965-ல் பஞ்ச காலத்தில் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இருப்பதைப் பகிர்ந்து சாப்பிட்ட தலைமுறை நாம். நமக்கா எளிமை கற்றுத்தர வேண்டும்?

நான் சொல்லும் முறை இதுதான். பேர் ஆறுக்கு மேல் வேண்டாம். மலைப்பூண்டுப் புளிக்குழம்பை முந்தின நாளே வைத்துவிடுங்கள். மறுநாள்தான் அதற்கு ருசி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு நம் வாசலில் விளைகிறது, அதைவிட வேறென்ன விசேஷம் வேண்டும்? காரட், பீன்ஸ் பொரியலுக்குக் காயைக் காலையிலேயே நறுக்கி வைக்கலாம். நம் ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தால் விருந்தாளி வந்துவிடுவார், பருப்பு வேகாது. ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். சூடான ரசம், சுட்ட அப்பளம், தயிர். இனிப்புக்கு மலைவாழைப்பழம் போதும். சர்க்கரை உள்ளவர்கள் பாதிப் பழம் சாப்பிடட்டும். வாழை இலை போட்டால் பாத்திரம் தேய்க்கும் வேலையும் குறையும்.

வருகிறவர் "நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். தயிரோ பழமோ சொல்லுங்கள். விருந்தாளியிடம் வேலை வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு: வெறுங்கையோடு போகாத வழக்கம் நம்முடையதுதானே? பரிமாறுவதும் இலை எடுப்பதும் ஆண்கள் வேலை. எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும், சமைத்தவர் உள்பட.

நேரமும் முக்கியம். ஆறு மணிக்கு வரச் சொல்லி ஏழுக்கு இலை போடுங்கள். எட்டரைக்குள் அனுப்பிவிடலாம். இருட்டிய பிறகு வட்டக்கானல் பாதையில் காட்டுமாடு நிற்கும். டார்ச் இல்லாமல், தனியாக, யாரையும் அனுப்பக் கூடாது. சீக்கிரம் சாப்பிடுவது நம் வயதுக்கும் மாத்திரைக்கும் நல்லது.

"இவ்வளவுதானா போட்டார்கள்?" என்று வெளியே போய்ப் பேசுகிறவர் இருப்பார். பேசட்டும். அடுத்த முறை அவரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

"ஒருநாள் வாங்க" போதும், நிறுத்துங்கள். வருகிற சனிக்கிழமை ஆறு மணி என்று இன்றைக்கே போன் செய்யுங்கள்.