இரண்டு ஓவர் நின்றிருக்கலாம்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில், முடிவு எழுதும் தாளில் ஒரு சொல் அடிக்கடி வந்து விழுகிறது: வாக்ஓவர். எதிரணி பலமானது என்று தெரிந்ததும் பேருந்தே ஏறாத அணிகள் உண்டு. இடைவேளைக்குள் ஐந்து கோல் வாங்கிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அணிகளும் உண்டு. மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி ஆடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் புனே பார்த்த ஒரு கிரிக்கெட் பருவத்தின் கதை.

புனே கல்லூரிகளின் ஊர். மகாராஷ்டிர அணிக்கு 1939-40, 1940-41 என அடுத்தடுத்து இரண்டு முறை ரஞ்சிக் கோப்பையை வாங்கித்தந்த கேப்டன் தேவ்தர், அங்கே சர் பரசுராம்பாவ் கல்லூரியில் சம்ஸ்கிருதப் பேராசிரியர். அவர் வளர்த்த மரபில் அடுத்து வந்தவர்கள்தான் 1948-49இல் ஆடினார்கள்.

1948 டிசம்பரில் கத்தியவார் அணி புனேவுக்கு வந்தது. முதலில் ஆடி 238 ரன்னில் சுருண்டது. பிறகு மகாராஷ்டிரத்தின் பாவுசாகேப் நிம்பால்கர் களமிறங்கினார். இரண்டாவது விக்கெட்டுக்கு அவரும் பண்டார்கரும் சேர்த்தது மட்டும் 455 ரன். பண்டார்கர் 205 ரன்னில் வெளியேறிய பிறகும் நிம்பால்கர் நின்றார். மூன்றாம் நாள் உணவு இடைவேளையில் அணியின் கணக்கு 4 விக்கெட்டுக்கு 826. நிம்பால்கர் ஆட்டமிழக்காமல் 443. பிராட்மன் 1930இல் எடுத்த 452தான் அன்றைய உலகச் சாதனை. அதைத் தொட இன்னும் ஒன்பதே ரன்.

அந்த ஒன்பது ரன் வரவேயில்லை. டிக்ளேர் செய்யுங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போகிறோம் என்றார் கத்தியவார் கேப்டனான ராஜ்கோட் தாக்கூர் சாகேப். இன்னும் இரண்டு ஓவர் பொறுங்கள் என்று கேட்டும் பயனில்லை. அவர்கள் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர் மனநிலை எனக்குப் புரியாமல் இல்லை. கத்தியவார் சமஸ்தானங்கள் ஒன்றியமாக இணைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆட்சியை இழந்த ஆண்டிலேயே, தன் அணிக்கு எதிராக ஓர் உலகச் சாதனையும் எழுதப்படுவதா என்ற கூச்சம் இருந்திருக்கலாம். வெற்றி உறுதியான பின்னும் அடித்துக்கொண்டே இருப்பது பண்பா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், இரண்டு ஓவர் கூடுதலாக நின்றிருந்தால் கத்தியவார் எதையும் இழந்திருக்காது. போனதால், எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் ‘விட்டுப்போன அணி’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

பலரும் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பின் நடந்தது. 1949 மார்ச்சில் அதே புனேயில் ரஞ்சிக் கோப்பை அரையிறுதி. இம்முறை அடிவாங்கும் இடத்தில் இருந்தது மகாராஷ்டிரம். பம்பாய் முதல் இன்னிங்ஸில் 651. மாதவ் மந்திரி மட்டும் 200. மகாராஷ்டிரம் 407. பம்பாய் ஃபாலோ ஆன் கொடுக்காமல் மீண்டும் ஆடி, 8 விக்கெட்டுக்கு 714 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. உதய் மெர்ச்சன்ட், பட்கர் இருவரும் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் போட்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு வைக்கப்பட்ட இலக்கு 959.

அந்த இலக்கை எட்ட முடியாது என்பது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். விட்டுக்கொடுக்க அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு முன்னுதாரணமும் கிடைத்திருந்தது. ஆனாலும் மகாராஷ்டிரம் ஆடியது. முதல் இன்னிங்ஸில் சதம் போட்ட ரெகே மறுபடியும் சதம் போட்டார். கடைசி விக்கெட் விழுந்தபோது கணக்கு 604. தோல்வி 354 ரன் வித்தியாசத்தில். ஏழு நாள் நடந்த அந்த ஆட்டத்தில் ஒன்பது சதம், மொத்தம் 2,376 ரன். முதல்தர கிரிக்கெட்டில் ஒரே ஆட்டத்தில் இத்தனை ரன் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. தோற்ற அணி நின்று ஆடியிருக்காவிட்டால் அந்த உலகச் சாதனையே கிடையாது.

நிம்பால்கர் ஒரு அதிகாரபூர்வ டெஸ்ட்கூட ஆடாமலே 2012இல் மறைந்தார். அவருடைய 443ஐ இன்றுவரை எந்த இந்தியரும் தாண்டவில்லை.

அணியை அழைத்துச்செல்லும் உடற்கல்வி இயக்குநர்களையும் பேராசிரியர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இடைவேளையில் ஐந்து கோல் பின்தங்கி நிற்கும் மாணவர்களிடம் அந்த 604 ரன்னைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இரண்டாம் பாதி ஆட அனுப்புங்கள்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர்.