கோழி எரு: நெடி அடங்கிய பிறகே வயலுக்கு

கேள்வி: "தாமல் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் வைக்கிறேன். போன நவரைக்கு, கறிக்கோழிப் பண்ணையில் இருந்து ஏக்கருக்கு இரண்டு டிராக்டர் டிப்பர் கோழி எரு வாங்கிக் கொட்டி, உடனே சேறடித்து நட்டேன். பத்தாம் நாளே நாற்று கருகி, வேர் கறுத்துவிட்டது. பிழைத்த பயிர் கருகருவென்று வளர்ந்து கடைசியில் சாய்ந்தது. சம்பாவுக்கும் எரு தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?"

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் சம்பா நடவுக்கு இரண்டு மாதம் முன்பே வாங்க வேண்டும். அளவையும் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும்.

நவரையில் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். கோழிக்கு மாட்டைப் போலத் தனியாகச் சிறுநீர் இல்லை. சிறுநீரில் போக வேண்டிய தழைச்சத்து, எச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் யூரிக் அமிலமாக வெளியேறுகிறது. ஈரம் பட்டதும் அது சில நாட்களில் அம்மோனியாவாக மாறிவிடும். கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரிவது இதனால்தான். அதே வேலை சேற்றுக்குள் நடந்தால் இளவேர் வெந்துபோகும். போதாக்குறைக்கு, மக்காத எரு நீருக்கடியில் அழுகும்போது மண்ணில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. வேர் கறுப்பதும், வயலில் கால் வைத்தால் குமிழி கிளம்புவதும் அதன் அடையாளம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டுப் பிறகு நீர் கட்டுவது. பலர் பயிர் வெளுக்கிறதே என்று யூரியா தூவிவிடுகிறார்கள். அது வெந்த புண்ணில் வேல்.

பயிர் சாய்ந்ததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஓரளவு உலர்ந்த ஆழ்கூள எரு ஒரு டன்னில் தழைச்சத்து 25 முதல் 30 கிலோ, மணிச்சத்து சுமார் 25 கிலோ, சாம்பல்சத்து 15 முதல் 20 கிலோ இருக்கும். டிப்பருக்கு இரண்டரை டன் என்றாலும் ஏக்கருக்கு ஐந்து டன். அதில் உள்ள தழைச்சத்து மட்டும் ஆறு மூட்டை யூரியாவுக்குச் சமம். பாதி காற்றில் போனாலும் மீதி போதும், குலை நோயையும் புகையானையும் வரவேற்க. மணிச்சத்தோ ஐந்து மூட்டை டி.ஏ.பி.க்குச் சமம். சம்பா நெல்லுக்கு ஏக்கருக்குப் பரிந்துரை 20 கிலோ மணிச்சத்துதான்.

இந்த மணிச்சத்துதான் கோழி எருவின் உண்மையான வரவு, கவனிக்காவிட்டால் செலவு. அது தழைச்சத்தைப் போலக் காற்றில் போகாது. ஆண்டுதோறும் கொட்டினால் மண்ணில் ஏறிக்கொண்டே போகும். மிஞ்சிய மணிச்சத்து துத்தநாகத்தைப் பயிருக்கு எட்டாமல் செய்துவிடும். அடி இலைகளில் துருப்பிடித்ததுபோல் புள்ளி விழும். முட்டைக்கோழி எருவில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். ஓட்டுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்பும் எருவில் வந்துவிடும். ஏற்கெனவே களர்த்தன்மை உள்ள வயலுக்கு நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழி எரு வருகிறது என்றால், மண் பரிசோதனை செய்யாமல் இறக்கக் கூடாது.

வாங்கும்போது லோடு கணக்கில் ஏமாற வேண்டாம். கூண்டுக்கு அடியில் அள்ளிய பச்சை எருவில் முக்கால் பங்கு தண்ணீர். உமி பரப்பிய கறிக்கோழிக் கூளத்தில் ஈரம் கால் பங்குதான். இரண்டுக்கும் ஒரே விலை கொடுப்பவர் தண்ணீருக்கு வண்டி வாடகை கொடுக்கிறார்.

மக்கவைப்பது பெரிய வித்தை இல்லை. மேடான, நிழலான இடத்தில் ஐந்தடி அகலம், நான்கடி உயரத்துக்குக் குவிக்க வேண்டும். உமி கலந்த கூளத்தோடு கொஞ்சம் வைக்கோல் போதும். கூண்டு எருவானால் நார்க்கழிவு, கரும்புச் சோகை, காய்ந்த இலை என்று கிடைப்பதைத் தாராளமாகக் கலக்க வேண்டும். தண்ணீர் தெளித்து ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் சொட்டக் கூடாது. நான்காம் நாள் கம்பியைச் செருகி எடுத்துப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு இருக்கும். நோய்க்கிருமிகளைக் கொல்வது அந்தச் சூடுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, ஓலை போட்டு மூடி வைத்தால் அறுபது நாளில் நெடி அடங்கி மண்வாசனை வரும். நெடி அடிக்கும்வரை காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். அதைக் குறைக்க அடுக்குக்கு அடுக்கு ஜிப்சம் தூவலாம். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் மட்டும் கூடவே கூடாது. அவை அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடும்.

குவியலைக் கரையோரத்திலோ வரவுக்கால் ஓரத்திலோ போடக் கூடாது. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றான தாமலுக்கு இது முக்கியம். ஒரு மழையில் கரைந்து இறங்கும் மணிச்சத்து ஏரியில் பாசியை வளர்க்கும். பாசி அழுகினால் மீன் செத்து மிதக்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் பெருகி, எருவை அளவின்றி நிலத்தில் கொட்டியதால் அங்கே நீர் கெட்டது. மேரிலாந்து மாநிலம் 1998இல் சட்டம் போட்டே எரு அளவைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

இனி சம்பாவுக்கான அளவு. மக்கிய எரு ஏக்கருக்கு ஒரு டன், கடைசி உழவில் மண்ணோடு கலக்கும்படி. அதற்குப் பின் டி.ஏ.பி. தேவையில்லை, ஒரு மூட்டைக்குக் கொடுக்கும் 1,350 ரூபாய் மிச்சம். எருவின் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதிதான் முதல் பயிருக்குக் கிடைக்கும். எனவே பரிந்துரையான 60 கிலோவில் சுமார் 50 கிலோவை, அதாவது இரண்டரை மூட்டை யூரியாவை, தூர் கட்டும்போதும் பஞ்சு கட்டும்போதும் கதிர் வரும்போதும் பிரித்து மேலுரமாக இட வேண்டும். சென்ற பருவம் ஐந்து டன் இட்ட வயல் என்பதால், இந்த முறை எருவே போடாமல் ஜிங்க் சல்பேட் 10 கிலோ மட்டும் கொடுத்து ஒரு பருவம் விட்டுப் பிடிப்பதும் நல்லது. எருவை மக்கவைத்து அடுத்த நவரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூளத்தில் செத்த கோழி கிடந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வீட்டுக் கோழிக்கு வந்து சேரும் வழிகளில் அதுவும் ஒன்று. பச்சை எரு போட்ட வரப்பில் மாட்டை மேயவிடவும் கூடாது.