ஜாம்பியும் பாவப்பட்ட ஜென்மம்தாங்க

குழந்தைங்க படத்துல பேய், பிணத்தையெல்லாம் நல்லவங்களா காட்டி பயத்தையே கெடுத்துட்டாங்கன்னு நண்பர்கள் சிலர் புலம்புறாங்க. எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்லை. ஜாம்பின்னா மனுஷக் கறி தின்ற கும்பல்னு ஆனதே 1968-ல ஜார்ஜ் ரொமேரோவோட 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' வந்ததுக்கு அப்புறம்தான்.

அதுக்கு முன்னாடி? ஜாம்பிக்கு சொந்த ஊரு ஹைட்டி. பிரெஞ்சுக்காரங்களோட கரும்புத் தோட்டத்துல அடிமைகள் உழைச்சே செத்த மண்ணு. மந்திரவாதி பிணத்தை எழுப்பி வேலை வாங்குவான், செத்தாலும் விடுதலை கிடையாது. அந்த ஜனங்க ஜாம்பியைப் பாத்து பயந்ததை விட, நாமளும் ஜாம்பி ஆயிடுவோமோன்னுதான் அதிகம் பயந்தாங்க. 1932-ல வந்த 'ஒயிட் ஜாம்பி'யில கூட அதுங்க சர்க்கரை ஆலையில செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கும். (நைட் ஷிஃப்ட்ல பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு சட்டுனு புரியும் :-))

'ஹோட்டல் ட்ரான்சில்வேனியா'வை (2012) அறந்தாங்கியில அக்கா பொண்ணோட உக்காந்து பாத்தேன். ட்ராகுலா முதலாளி, ஃப்ராங்கன்ஸ்டைன் விருந்தாளி. ஜாம்பி? பெட்டி தூக்குற ஆளு! "மாமா, அதுக்கு மட்டும் லீவே கிடையாதா?"ன்னு கேட்டா. அம்புட்டுதான் விமர்சனம். காமெடியா காட்டிட்டா அது பரிவு ஆயிடாதுங்க.

அதே வருஷம் வந்த 'பாராநார்மன்' வேற ரகம். முந்நூறு வருஷம் முன்னாடி ஒரு சின்னப் பொண்ணை சூனியக்காரின்னு சொல்லி சாகடிச்ச நீதிபதியும் கூட்டாளிகளும்தான் இதுல ஜாம்பி. ஒண்ணும் யோக்கியங்க இல்ல. ஆனா ஊர் ஜனம் ஆயுதத்தோட துரத்த, அதுங்கதான் அரண்டு ஓடுதுங்க. நார்மன்னு ஒரு பொடியன் மட்டும் நின்னு, என்ன வேணும்னு காது குடுத்து கேக்குறான்.

நம்ம 'மிருதன்'ல (2016) அப்படி யாரும் கேக்கலை. நேத்து வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரன், கடிபட்ட அடுத்த நிமிஷம் சுட வேண்டிய குறி. ஹீரோவுக்கே அந்த கதி வரும்போதுதான் நமக்கு உச்சு கொட்டத் தோணுது.

செத்தவங்ககிட்ட குறை கேக்குறது நமக்கென்ன புதுசா? எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல சித்தன்னவாசல் ஓவியம் பாக்க வர்றவங்க, பக்கத்துல இருக்குற கல்வட்டங்களைத் திரும்பிக்கூட பாக்குறதில்ல. பெருங்கற்காலத்து ஈமச்சின்னம். போறவங்களுக்கு சட்டி பானை வச்சு அனுப்பின ஜனம் அது. இன்னிக்கும் எங்க பக்கம் அகாலமா போனவங்களுக்குப் படையல் போட்டு, சாமியாடிகிட்ட "என்ன குறை, சொல்லு"ன்னு கேக்குற வீடுங்க இருக்கு.

அம்புலிமாமாவுல ஓவியர் சங்கர் வரைஞ்ச வேதாளம் ஞாபகம் இருக்கா? அதுவும் பிணத்துக்குள்ள குடியிருக்குற ஆளுதான். அதையும் வேலை வாங்கப் பாக்குறான் ஒரு மந்திரவாதி. கடைசியில அவன் சூழ்ச்சியை ராஜாகிட்ட போட்டுக் குடுத்து உயிரைக் காப்பாத்துறதே வேதாளம்தான். ஒன்றரை மணி நேர அனிமேஷனுக்கு இதை விட என்னங்க வேணும்? யாராச்சும் எடுங்கப்பா. ஒரே ஒரு கண்டிஷன், வேதாளத்தை சிரிப்பு போலீஸ் ஆக்கிடாதீங்க!