குளியல் தொட்டிக்கு மின்சாரம் இழுக்கும் முன்

கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் நம் சங்கத்தில் பலர். கையில் நாலு காசு சேர்ந்ததும் மாடி வீட்டைப் புதுப்பிக்கிறோம். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று ஜக்குஸி எனப்படும் சுழல்நீர்த் தொட்டி வைப்பதும் நம்மவர் வீடுகளில் வந்துவிட்டது. அதை நாம் குறை சொல்லவில்லை. பகலெல்லாம் மூட்டைகளுக்கு நடுவே நின்ற கால்களுக்குச் சுகம்தான். ஆனால் தொட்டிக்குத் தாராளமாகச் செலவு செய்பவர்கள், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வேலையில் மட்டும் கையைச் சுருக்குவதை ஏற்க முடியவில்லை.

இந்தத் தொட்டியின் அடியில் மோட்டார் ஓடுகிறது. சிலவற்றில் ஹீட்டரும் உண்டு. 2,000 வாட் ஹீட்டர் மட்டுமே 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். பழைய விளக்கு லைனில் இதைக் கோத்துவிடுவது வயரைக் கருக்குகிற வேலை. மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., முறையான எர்த் வேண்டும். மின்வாரியத்தில் அனுமதி பெற்ற லோடு போதுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது வயரைக் காப்பது, மனிதனைக் காப்பதல்ல. ஈர உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதைப்போல் 500 மடங்குக்கு மேல் போனால்தான் அசையும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. பேஸில் போனது நியூட்ரலில் முழுதாகத் திரும்பியதா என்று நம் கணக்குப்பிள்ளை மாதிரி ஓயாமல் சரிபார்க்கும். குறைந்தால், எங்கோ கசிகிறது என்று கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டதையே கேட்டு வாங்க வேண்டும். விலை ஓரிரண்டு சிப்பம் அரிசிக்கு ஆகும், அவ்வளவுதான்.

இங்கேதான் நம் கட்டடங்களில் ஒரு கோளாறு. கடை லைனும் வீட்டு லைனும் பல இடங்களில் பின்னிக் கிடக்கின்றன. மாடியின் நியூட்ரல் கடையின் நியூட்ரலோடு எங்காவது சேர்ந்திருந்தால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். அரைகுறை வேலைக்காரர் "கருவி சரியில்லை அண்ணாச்சி" என்று சொல்லி, அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டுக் கூலி வாங்கிப் போவார். வீட்டில் விளக்கு எரிகிறது, எல்லோருக்கும் திருப்தி. தொட்டியில் பேரப்பிள்ளை இறங்குகிறான் என்பது யாருக்கும் நினைவில்லை. விழுகிற கருவியைக் குற்றம் சொல்லாமல் கசிவைத் தேடுபவரே வயர்மேன். லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிட்டு, இரண்டு லைனையும் பிரித்துவிட்டுப் பிறகு தொட்டியை இறக்குங்கள்.

சுவிட்ச் தொட்டியிலிருந்து கை நீட்டினால் எட்டாத இடத்தில், முடிந்தால் குளியலறைக்கு வெளியிலேயே இருக்கட்டும். அருகிலுள்ள இரும்புக் குழாய்களையும் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்றொரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அமாவாசை அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

இன்னொன்று, டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரியிடம் மோட்டார் பக்கம் ஒரு சிறு கதவு விடச் சொல்லுங்கள். அழகு கெடும் என்பார். கேட்காதீர்கள்.