திருட்டுப் படமும் சில்லறை விலையும்

புதுப்படம் வெளியான அன்றே இணையத்தில் திருட்டுப் பிரதி வந்துவிடுகிறது. போலிச் சரக்கால் நஷ்டப்படும் வணிகர்களாகிய நாம் இதை ஆதரிக்க முடியாது. ஆனால் 2004-ல் திருட்டு வீடியோவைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். 2023-ல் மத்திய அரசு 3 ஆண்டு வரை சிறை என்றது. திருட்டு நின்றபாடில்லை. ஒரே படம் பார்க்க விரும்புபவரிடம் ஆண்டுச் சந்தா கேட்பது, கால் கிலோ சர்க்கரை கேட்டவரிடம் மூட்டையைத் தூக்கச் சொல்வதாகும். பாபநாசம் கடைத்தெருவில் அப்படி வியாபாரம் நடக்குமா? கடலூர் சின்னி கிருஷ்ணனின் யோசனைப்படி ஷாம்பூவைச் சிறு பையில் அடைத்து விற்ற பிறகல்லவா அது ஏழை வீட்டுக்கும் போனது! 2015-ல் இயக்குநர் சேரன் தம் படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக வீடுகளுக்கு விற்கத் துணிந்தார். அது நீடிக்கவில்லை, வேறு விஷயம், கணக்கு சரியானதே. தயாரிப்பாளர்கள் வழக்கும் போடட்டும். கூடவே, தியேட்டர் ஓட்டம் முடிந்த மறுவாரமே, சந்தா கேட்காமல், படத்துக்குப் படம் இருபது முப்பது ரூபாய்க்கு விற்கட்டும்.